பகல் வேளைக்கான கோட்டு

எங்கள் குப்பத்தில் கோட்டு என்பது ராத்திரியில் போடுகிற உடுப்பு. கல்யாணத்துக்கு முதல் நாள் வரவேற்புக்கு மாப்பிள்ளை அதை வாடகைக்கு எடுப்பான். மண்டபத்து மேடையில் இரண்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டு நிற்பான். மறுநாள் காலையில் அது கடைக்குத் திரும்பிப் போய்விடும். தாலி கட்டும்போது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். ஊர்க்கூட்டத்துக்கும் அதுதான், அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளிலும் அதுதான். பகல் வெளிச்சத்தில் கோட்டுப் போட்ட ஆளை நான் பொன்னேரி வங்கியில்கூடப் பார்த்ததில்லை. இருபத்தொன்பது வயதில் நானே அப்படி ஒரு ஆளாக ஊர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். உட்கார வைத்தவன் என் சிநேகிதன்.

அவனும் நானும் ஒரே தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே படகில் ஏரியைத் தாண்டிப் போனவர்கள். மழைக்காலத்தில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் இரண்டு பேர் பையையும் அவன் தன் தலைமேல் வைத்துக்கொள்வான். நான் தகர டப்பாவால் தண்ணீரை இறைப்பேன். பிளஸ் டூ முடிந்ததும் நான் பொன்னேரியில் பி.காம். படித்துவிட்டு நைனாவுடன் வலைக்கே வந்துவிட்டேன். ஊருக்கு மனு எழுதிக் கொடுப்பதும் நான்தான். அவன் ஹோட்டல் படிப்புப் படித்துச் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தான். மாதம் ஒருமுறை வருவான். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு மணலில் நடந்து வருவான். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் மறுபடியும் ஷூவை மாட்டுவான். அவன் அம்மா அவனை ஷூவோடு பார்க்க வேண்டும் என்பான்.

அந்த வருஷம் ஒரு கம்பெனி எங்கள் ஏரிக்கு வந்தது. தண்ணீரில் தூண் இறக்கி, மிதக்கும் ஹோட்டல் கட்டப்போகிறார்களாம். அவர்கள் குறித்துக்கொண்டு போன இடம் எங்கள் பாடு. பாடு என்றால் ஏரியில் வலை கட்டுவதற்கான இடமும் அதற்கான முறையும். இன்றைக்கு இந்தக் குடும்பம், நாளைக்கு அந்தக் குடும்பம் என்று ஊரே கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம். ஆழமும் நீரோட்டமும் சரியாக இருக்கிற இடம் எங்கள் குப்பத்துக்கு அது ஒன்றுதான். அங்கே தூண் இறங்கினால் இறால் வேறு வழியில் போய்விடும்.

அரசாங்கம் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தது. ஊர்க்கூட்டத்தில் எங்கள் சார்பில் யார் பேசுவது என்ற பேச்சு வந்தது. தலைவர் என்னைக் கைகாட்டினார்.

"நாங்க பேசினா சண்டைக்கு வரானுங்கன்னுவாங்க. நீ பேசினா எழுதிப்பாங்க. நீயே பேசு."

யாரும் மறுக்கவில்லை. நைனா தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பெருமையாக இருந்தால் அப்படித்தான் இருப்பார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் முதலில் போன் செய்தது என் சிநேகிதனுக்குத்தான்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: "சூப்பர்டா. இன்னா போட்டுகினு போற?"

"வேட்டி சட்டைதான். வேற இன்னா?"

"அய்ய, வேட்டி கட்டிகினு போனா உன்ன எதுனா கட்சிக்காரன்னு நெனைச்சிப்பாங்கடா. உன் எதுருல உக்காரப்போறது எல்லாம் ஆபீசருங்க. அவங்கள மாதிரி போனாத்தான் உன் பேச்சு காதுல ஏறும். கோட்டு போடு."

"கோட்டா? பகல்லயா?"

அவன் சிரித்தான். "பகலுக்குன்னே தனியா கீதுடா. ஞாயித்துக்கெழம வா, காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து ரயிலேறி வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். அவன் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தான். தெரு நெரிசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போனான். எனக்குக் கறுப்பு பிடித்திருந்தது. அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டினான்.

"கறுப்பு சாயங்காலத்துக்கு. வெளக்கு வெளிச்சத்துலதான் அது எடுக்கும். பகல்ல போட்டா ஒண்ணு மாப்ள, இல்லன்னா வக்கீலு. பகலுக்கு சாம்பல் கலரு, இல்லன்னா வெளுத்த நீலம். துணி பளபளன்னு இருக்கக் கூடாது."

சாம்பல் நிறத்தில் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அவன் என்னைச் சுற்றி வந்தான். சட்டையின் கைமுனை கோட்டுக்கு வெளியே ஒரு விரற்கடை தெரிய வேண்டும் என்று இழுத்துவிட்டான். இரண்டு பொத்தானில் மேலே இருப்பதை மட்டும்தான் போட வேண்டும். கீழே இருப்பது சும்மா. உட்காரும்போது அதையும் கழற்றிவிட வேண்டும். எழுந்தால் மறுபடி போட வேண்டும். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம். சாக்ஸ் பேண்ட்டின் நிறத்தில் இருக்க வேண்டும், ஷூவின் நிறத்தில் அல்ல. நான் கடைக்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்து, பொத்தானைப் போட்டு, கழற்றிப் பழகினேன். ஒருமுறை கீழ்ப் பொத்தானையும் போட்டுவிட்டேன். அவன் என் கையில் தட்டினான். இரண்டு பேரும் கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பணத்தை அவனே கொடுத்தான். நான் தடுத்தபோது சொன்னான்: "இது என் பங்கு. நானும் அந்த ஊர்க்காரன்தானடா?"

அதற்கு மேல் நான் என்ன சொல்வேன்? டீக்கடையில் உட்கார்ந்து என் நான்கு பக்கத்தையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தை முன்னால் கொண்டுவரச் சொன்னான். அது நல்ல யோசனைதான். எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன் என்று நான்கு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

வீட்டில் கோட்டைப் போட்டுக் காட்டினேன். என் மனைவி நண்டுக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாயா இது? எக்ஸ்போர்ட் கம்பெனி ஆளு மாதிரி கீற."

"அதான் வேணும். அப்பதான் மதிப்பாங்க."

"யாரு மதிப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி கூடையைக் கழுவ ஆரம்பித்தாள். நைனா மட்டும் பக்கத்தில் வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "நல்ல துணிதான்" என்றார்.

கூட்டத்துக்கு முதல் நாள் சிநேகிதன் போன் செய்தான். "நாளைக்கு ஊர்க்காரங்களோட வேன்ல ஏறாத. கோட்டு கசங்கிப்போவும். நான் கார் அனுப்பறேன். மண்டபத்துல முன்வரிசைல உக்காரு, பேசறவங்களுக்கு அங்கதான் எடம். நான் சொல்லி வெச்சிட்டேன்."

"நீ வருவியா?"

"கண்டிப்பா வருவேன்டா."

காலை ஒன்பது மணிக்கு மெயின் ரோட்டில் வெள்ளைக் கார் நின்றது. அவன் பிடித்துக் கொடுத்த வாடகைக் கார் என்று நினைத்தேன். டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார். நான் மண்டபத்து வாசலில் இறங்கியபோது எங்கள் ஊர் வேன் அப்போதுதான் வந்து நின்றது. நைனாவும் என் மனைவியுமாக இருபது இருபத்தைந்து பேர் இறங்கினார்கள். ஆண்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி, பெண்கள் நல்ல புடவை. நான் கையை ஆட்டினேன். இரண்டு பேர் பதிலுக்கு ஆட்டினார்கள். மற்றவர்கள் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் இரண்டு வழி இருந்தது. ஒன்றில் பொதுமக்கள் என்று எழுதி, போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். இன்னொன்றில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நான் ஊர்க்காரர்கள் பக்கம் போகத் திரும்பியபோது அவள் ஓடி வந்தாள். "சார், சார், நீங்க இப்படி வாங்க" என்று முன்வரிசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். இருக்கைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தது. தண்ணீர் பாட்டிலும் வழவழப்பான ஒரு புத்தகமும் கொடுத்தாள். புத்தகத்தின் அட்டையில் மிதக்கும் ஹோட்டலின் படம். எல்லோருக்கும் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். என் இரண்டு பக்கமும் கோட்டுப் போட்டவர்கள். ஒருவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் தலையசைத்தேன். சொல்லிக் கொடுத்தபடி மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

பேச விரும்புகிறவர்களுக்குப் பொதுமக்கள் வாசலில் டோக்கன் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டதால் எங்கள் ஊரில் வேறு யாரும் டோக்கன் வாங்கவில்லை. நான்தான் பேசப்போகிறேனே என்று இருந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டார்கள். வேறு குப்பங்களிலிருந்து நான்கைந்து பேர் பேசினார்கள். பிறகு ஒரு எண்ணைச் சொல்லி, எங்கள் குப்பத்தின் பெயரையும் சொன்னார்கள். என்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து பொத்தானைப் போட்டேன்.

பொதுமக்கள் பக்கத்திலிருந்து என் சிநேகிதன் நடந்து வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. காலில் ரப்பர் செருப்பு. பத்து வருஷத்தில் அவனை நான் வேட்டியில் பார்த்ததே இல்லை. எனக்கு ஆதரவாகப் பேச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"நான் மீனவன் மகன்" என்று ஆரம்பித்தான். "எங்க அப்பா இந்த ஏரிலதான் வலை போட்டாரு. எங்க ஊர்ப் பசங்க சார்பா பேசறேன்."

அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் என் நான்கு பக்கத்துக்கும் பதில். இறால் வழி மாறும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அது தேவையில்லாத பயம் என்றான். பாடு போய்விடும் என்கிறார்கள், படித்த பையன்கள் எத்தனை நாளைக்குப் பாட்டை நம்பி இருப்பது என்றான். நான் எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்தான். என்னிடம் முன்னால் கொண்டுவரச் சொன்ன இடத்தை அவனும் முன்னால் வைத்திருந்தான். கடைசியில், எங்கள் ஊர் இளைஞர்கள் இந்தத் திட்டத்தை வரவேற்கிறார்கள் என்று சொல்லிக் கும்பிட்டான். என் வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவன் திரும்பிப் போகும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, நான் பேசணும்."

மேடையில் இருந்த அதிகாரி என் கோட்டைப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: "கம்பெனி தரப்பு பதில் கடைசியில சார். உக்காருங்க."

"நான் கம்பெனி இல்லங்க. நான் மீன் புடிக்கிறவன். அந்த ஊர்க்காரன்."

மண்டபம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டது: "கோட்டு போட்டுகினு வலை இழுப்பியாய்யா?" இன்னும் பெரிய சிரிப்பு. அது வேறு குப்பத்துக்காரி. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். அதிகாரி டோக்கன் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்வரிசையில் நைனா எழுந்து நின்று, "அது என் புள்ளைங்க, அவன பேச விடுங்க" என்று கத்தினார். அவருடைய டோக்கனைக் கேட்டார்கள். அவரிடமும் இல்லை. ஒரு போலீஸ்காரர் அவர் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். எங்கள் ஊர்க்காரர்களில் வேறு யாரும் எழவில்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம்கூட இல்லை, முடிவு செய்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. எனக்காக நிற்கவில்லை. வெள்ளைக் கார் கதவைத் திறந்துகொண்டு நின்றது. நான் அதைத் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். உச்சி வெயில். அங்கே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வேன்ல எடம் இல்லயா?"

"எடம் கீது. நான்தான் எறங்கிட்டேன்" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வந்ததும் ஏறினோம்.

அடுத்த ஞாயிறு காலை ஊர் கூடியது. தலைவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அந்தக் கோட்டு யாரு வாங்கிக் குடுத்தது?"

"அவன்தான்."

"காரு?"

"அவன் அனுப்பிச்சது."

"முன்னால போய் உக்காரச் சொன்னது?"

"அவன்தான்."

மூன்றும் உண்மை. மூன்றும் எனக்கு எதிராகவே இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வேஷம் போட்டோம் என்று ஒருவர் சொன்னார். நான் என் நான்கு பக்கத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், "இதுக்குத்தான் அவன் வரிசையா பதில் பேசினான். நீ குடுக்காம அவனுக்கு எப்பிடி தெரியும்?" என்று திருப்பிக் கொடுத்தார்.

நைனா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "என் புள்ள ஏமாந்தவன். ஏமாத்தினவன் இல்ல" என்றார்.

"இருக்கலாம்" என்றார் தலைவர். "ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஒரு வருஷத்துக்கு எங்கள் குடும்பத்தைப் பாடு முடிவு செய்யும் சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனு எழுதுகிற வேலையை வேறு ஒருவனிடம் கொடுத்தார்கள். நைனா அறுபது வயதுக்கு மேல் பிறத்தியார் வலைக்குக் கூலி ஆளாகப் போனார். ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிச் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுவார். நான் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நீலச் சட்டை கொடுத்தார்கள். எப்போது எதைப் போடுவது என்ற யோசனையே தேவையில்லை.

நான்கு பக்கத்தையும் சுத்தமாக மறுபடி எழுதி, நானும் நைனாவும் என் மனைவியும் கையெழுத்துப் போட்டு, கூட்டம் நடத்திய அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்தது. அதற்கு மேல் தகவல் இல்லை. ஹோட்டலும் வரவில்லை. கோப்பு எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அளவெடுத்தபோது நட்ட நாலு கம்புகள் மட்டும் ஏரியில் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றில் உட்கார்ந்து சிறகை உலர்த்துகின்றன.

வருஷம் முடிந்ததும் சீட்டில் எங்கள் பெயரைச் சேர்த்தார்கள். ஆள் அனுப்பி நைனாவை வரச் சொன்னார்கள். ஒருவரும் அன்றைய பேச்சை எடுக்கவில்லை. மன்னிப்பும் இல்லை, குற்றமும் இல்லை. நைனா மறுபடி தன் இடத்தில் வலை கட்டினார். நான் மீஞ்சூர் வேலையை விடவில்லை. முறை வருகிற நாளில் மட்டும் லீவு போட்டுவிட்டு ஏரிக்குப் போவேன். நான் படகில் ஏறினால் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுபோகும். பிறகு வேறு ஏதாவது பேசுவார்கள்.

அவனை நான் மறுபடி பார்த்தது மீஞ்சூர் ஸ்டேஷனில். மதியம் ஷிப்ட் முடிந்து பொன்னேரிப் பக்கம் போகும் வண்டிக்கு நின்றிருந்தேன். வெளுத்த நீலக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவன் படியிறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் தயங்கினான். ஓடிவிடுவான் என்று நினைத்தேன். வந்து பக்கத்தில் நின்றான்.

"எப்பிடி கீறடா?"

எத்தனையோ மாதமாக நான் மனதுக்குள் திட்டிவைத்திருந்த திட்டு ஒன்றுகூட வரவில்லை. "அவங்ககிட்ட எப்போ சேந்த?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுக்கு மூணு மாசம் முன்னாலயே."

நான் போன் செய்தபோதே அவன் அவர்கள் ஆள். அந்தப் பக்கம் சத்தமில்லாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் யோசித்துவிட்டிருக்கிறான்.

"உன்ன பேச விடக் கூடாதுன்னாங்கடா" என்றான். "வேற மாதிரி பண்ணியிருப்பாங்க. போலீசு, கேசு, இன்னா வேணா ஆயிருக்கும். நான்தான் வேணாம், அவன நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். உனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்."

"நைனா கூலிக்குப் போனாரு. தெரியுமா?"

"அம்மா சொன்னாங்க." கோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

அவன் பொய் சொன்னதை நான் எப்படியோ செரித்துக்கொண்டேன். வேலைக்காக ஆள் என்னென்னவோ செய்கிறான். எனக்குச் செரிக்காதது அந்த ஞாயிற்றுக்கிழமை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தது, கைமுனையை இழுத்துவிட்டது, அந்தச் சிரிப்பு. அவ்வளவும் அவனுக்கு அன்றைய வேலையா? அதைக் கேட்டேன்.

"கடைல சிரிச்சியே. அதுவும் அவங்க சொல்லித்தானா?"

அவன் முகம் ஒரு கணம் பழைய முகமாக ஆனது. "இல்லடா. அது மெய்யாலுமே சிரிச்சேன்" என்றான்.

அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே ஒருவன் அதைச் செய்ய முடியும் என்பது அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வந்தது. அவன் ஏறி, கதவோரம் எனக்கு இடம் விட்டு நின்றான். "வாடா" என்றான். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். வண்டி கிளம்பியது. அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. அதில் போனேன்.